பச்சை உடம்புக்காரிகள் கேட்டவை: ஓய்வுபெற்ற செவிலியர் பதில்கள்

காரைக்குடி வட்டாரத்துல கிராம சுகாதாரச் செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ நான். பிள்ளை பெத்தவங்களும் வீட்டாரும் அனுப்பின கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி (பள்ளத்தூர்): பிள்ளை பிறந்து 12 நாளாச்சு. எல்லாரும் கொஞ்சுறாங்க, எனக்கு மட்டும் ஒண்ணுமே தோணலை. நான் கெட்ட தாயா அக்கா?

பதில்: இல்லை தங்கச்சி. நிறைய பேருக்குப் பாசம் தூக்கித் தூக்கித்தான் வரும். 20, 30 செ.மீ. தூரம்தான் பிள்ளைக்குக் கண் ஓரளவு தெளியும். பால் கொடுக்கும்போது உன் முகம் அந்தத் தூரத்துலதான் இருக்கு. வயித்துக்குள்ளேயே கேட்டுப் பழகின குரலும் உன்னுதுதான். பாசம் வரட்டும், அப்புறம் பேசலாம்னு இருக்காதே. "அம்மா துணி மாத்துறேன்டா"ன்னு சொன்னாலே போதும். பெத்தவளுக்கு மூணாம் நாள், நாலாம் நாள் தொடங்குற அழுகை பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ள அடங்கிடும். அதுக்கு மேலயும் நீடிச்சா அது மனச்சோர்வா இருக்கலாம், அதுக்கு வைத்தியம் இருக்கு. உன் ஊர்ச் செவிலியர்கிட்ட இன்னைக்கே சொல்லு.

கேள்வி (தேவகோட்டை): மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. பால் கொடுத்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிறா. ஓய்வெடுக்கட்டும்னு பிள்ளையை நாங்களே வச்சுக்கிறோம். சரிதானே?

பதில்: ஆச்சி, உங்க மனசு நல்ல மனசு. ஆனா அவகிட்ட இருந்து வேலையை வாங்குங்க, பிள்ளையை வாங்காதீங்க. இதே மாதிரி ஒரு பெரிய வீட்டைப் பார்த்திருக்கேன். முகப்புல வந்தவங்க எல்லாரும் பிள்ளையை மடி மாத்தி மாத்தி வச்சிருந்தாங்க, பெத்தவ ரெண்டாங்கட்டு உள்ளறையில தனியா கிடந்தா. பசிச்சு அழுதா மட்டும் பிள்ளை அவகிட்ட வரும், குடிச்சதும் போயிடும். அவளுக்குப் பிள்ளையோட அழுகைதான் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. அவ அம்மாகிட்ட சொல்லி, வயிறு நிறைஞ்ச பிள்ளையை அவ பக்கத்துலயே விட வச்சேன். துணி அலசுறது, வந்தவங்களுக்குக் காபி கொடுக்கிறது எல்லாம் மத்தவங்க பொறுப்பு. ஆறேழு நாள் கழிச்சுப் போனப்போ, "தூக்கத்துல சிரிக்கிறான் அக்கா"ன்னா. அதுவரைக்கும் அவ அதைப் பார்த்ததே இல்லை.

மகள் சுவரைப் பார்த்துப் படுக்கிறதையும் லேசா எடுத்துக்காதீங்க. ஏன்னு கேட்டு அதட்டாம, பக்கத்துல உக்காந்து தலை வாரி விடுங்க, பேசுவா. பேசலைன்னாலும் ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க.

கேள்வி (புதுவயல்): எட்டு மாசத்துல பிறந்தது, 1,600 கிராம். தொடவே கை நடுங்குது.

பதில்: வார்டு செவிலியர்கிட்ட 'கங்காரு முறை' வேணும்னு கேளும்மா. கொலம்பியா நாட்டு பொகோட்டாவுல 1978-ல், இன்குபேட்டர் பத்தாம தவிச்ச ஆஸ்பத்திரியில பிறந்த முறை இது. பிள்ளைக்குத் தொப்பியும் டயபரும் மட்டும். உன் நெஞ்சுக்கு நடுவுல நிமிர்த்தி வச்சு, கழுத்து மடங்காம முகத்தை ஒரு பக்கமா திருப்பி, துணியால சேர்த்துக் கட்டுவாங்க. உன் சூட்டுல அதோட சூடு நிலைக்கும், மூச்சு சீராகும், பாலும் நல்லா ஊறும். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரைக்கும், முடிஞ்ச அளவு வைக்கச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். நீ அசந்தா அப்பாவோ அப்பத்தாவோ வச்சுக்கலாம். உன் கை நடுக்கம் ரெண்டாம் நாளே குறைஞ்சிடும், நான் பார்த்திருக்கேன்.

கேள்வி (கோட்டையூர்): தங்கச்சி மூணு நாளா தூங்கலை. காதுல யாரோ பேசுறாங்க, இது என் பிள்ளையே இல்லைங்கிறா. கோடங்கிகிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க.

பதில்: வேண்டாம். இப்பவே 108-க்குப் போன் பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இது பிரசவத்துக்குப் பின்னால வர்ற கடுமையான மனநோய், அவசரம். அவளையும் பிள்ளையையும் தனியா விடாதீங்க, திட்டாதீங்க. சரியான வைத்தியம் கிடைச்சா குணமாகும், பிள்ளையையும் அவளே வளர்ப்பா.

கேள்வி (கண்டனூர்): மூணாவதும் பொண்ணுன்னு வீட்டுக்காரர் அடிக்கிறார். பிள்ளை மேலயே கோபம் வருது.

பதில்: 181-க்குப் பேசும்மா, பெண்களுக்கான இலவச உதவி எண். ஆணா பெண்ணான்னு தீர்மானிக்கிறது அப்பாவோட விந்தணு, நீயும் இல்லை, அந்தப் பச்சை மண்ணும் இல்லை. கோபம் தாங்கலைன்னா பிள்ளையைப் பத்திரமா தொட்டில்ல போட்டுட்டு வாசலுக்கு வந்து நில்லு. மனசு விட்டுப் பேச மனநல உதவி எண் 14416 எந்நேரமும் உண்டு.

கேள்வி (சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி, ஊர் கானாடுகாத்தான்): மனைவி ஊர்ல பிள்ளை பெத்திருக்கா. தூரத்துல இருந்து நான் என்ன செய்ய முடியும்?

பதில்: வீடியோ கால் வந்ததும் "பிள்ளையைக் காட்டு"ன்னு ஆரம்பிக்காதீங்க தம்பி. அவ சாப்பிட்டாளா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்க வேண்டி வந்துச்சுன்னு முதல்ல கேளுங்க. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீங்க.