ஆப்டிமஸ் பிரைம் 'மாஸ்டர்பீஸ்' பொம்மை என்றால் என்ன?

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூனில் லாரியாக மாறும் ரோபோவான ஆப்டிமஸ் பிரைமை, வளர்ந்த சேகரிப்பாளர்களுக்காக ஜப்பானின் டக்காரா நிறுவனம் 2003-இல் புதிதாக வடிவமைத்துத் தொடங்கிய பொம்மை வரிசையே மாஸ்டர்பீஸ். 1984-இல் அமெரிக்காவில் ஹாஸ்புரோ நிறுவனம் விற்ற முதல் பொம்மை, டக்காராவின் டயக்ளோன் என்ற பொம்மை வரிசைக்காக முன்பே செய்யப்பட்டது; கார்ட்டூன் அதற்குப் பிறகு வரையப்பட்டதால், திரையில் கண்ட உடலமைப்பு பொம்மையில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே புதியதில் நிறைய மூட்டுகள். பழையதில் கை முஷ்டிகளைத் தனியே எடுத்துச் செருக வேண்டும். இதில் அவை முன்கைக்குள்ளேயே மடங்கிக்கொள்கின்றன, எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். மூன்று மடிப்புக் குடையைப் பக்குவமாக மடக்குவதுபோல இதையும் நிதானமாகவே உருமாற்ற வேண்டும். பழைய அச்சில் மீண்டும் வார்த்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இதன் ஒவ்வொரு பாகமும் புதிதாக வடிவமைக்கப்பட்டது.