முத்துக் குளித்தவர்களின் ஊர்

கேள்வி: ஐயா, என் வாப்பா ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் பல ஆண்டுகள் சபராளியாக, அதாவது பிழைக்கப் போனவராக, இருந்தவர். அங்கே ஆளில்லாத 'ஜின் ஊர்' ஒன்று இருப்பதாகச் சொல்வார். உண்மையா?
— வாசகி ஒருவர், கீழக்கரை

பதில்: ஊர் உண்மைதான் அம்மா. பெயர் அல் ஜசீரா அல் ஹம்ரா. சிவப்புத் தீவு என்று பொருள். மகன் அங்கே வேலையில் இருந்தபோது என்னை அழைத்துப் போனான். ஜின் கதையை விட்டுவிடுங்கள். அங்கே வாழ்ந்தவர்கள் ஸஆப் குலத்தார். முத்துக் குளித்துப் பிள்ளை வளர்த்தவர்களின் வீட்டைப் பேய்வீடு என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் வீட்டுச் சுவரில் கைவைத்ததும் நின்றுவிட்டேன். பெரியபட்டினத்தில் என் பாட்டனார் வீட்டுச் சுவரேதான்! கடலின் பவளப்பாறையிலிருந்து எடுக்கும் அதே முருகைக்கல், மூளை மடிப்புப் போன்ற அதே வரிகள், சுண்ணாம்புக்குள் பதிந்த சிப்பி ஓடு. விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. கூரைக்குப் பேரீச்ச மரம். வசதியானவர் வீட்டில் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்க ஒரு கோபுரம்.

கோடை வந்தால் ஆண்கள் ஏறக்குறைய நான்கு மாதம் கடலில்தான். மூக்கில் இடுக்கி, காலில் கல், மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள். படகுத் தலைவருக்கு நகுதா என்று பெயர். நம் கரையிலும் புழங்கிய சொல்தான். அவரிடம் முன்பணம் வாங்கித்தான் குளிப்பவர் வீட்டில் உலை வைத்துவிட்டுப் போவார். கடன் அடையாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே படகு. சங்கு குளிக்கப் போன என் மாமாவும் இப்படித்தான் படகு முதலாளியான சம்மாட்டியிடம் கட்டுண்டு கிடந்தார். அதனால் எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1920களின் இறுதியில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையில் பெருகியது; கூடவே 1929இன் பொருளாதார வீழ்ச்சி. தொழில் சரிந்தது. 1968இல் ராஸ் அல் கைமா ஆட்சியாளரோடு ஏற்பட்ட பிணக்கில், அபுதாபி ஆட்சியாளர் ஷேக் ஸாயித் அழைக்க, ஸஆப் குலத்தார் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். பள்ளிவாசலும் கடைத்தெருவும் வீடுகளும் அப்படியே நின்றன. மற்ற ஊர்களில் எண்ணெய்ப் பணம் பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்டியது. இங்கே இடிக்க ஆளில்லை. அதனால்தான் முத்துக்குளிப்போர் ஊர் எப்படி இருந்தது என்பதை இன்றும் நடந்து பார்க்க முடிகிறது.

அந்தச் சுவரைத் தொட்டதுண்டா என்று உங்கள் வாப்பாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய முருகைக்கல் சுவர் இடிந்துவிட்டது. புதுக்கல் கிடைக்குமா?
— வாசகர், ஏர்வாடி

பதில்: கடலிலிருந்து எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விழுந்த கல்லையே பொறுக்கிச் சுண்ணாம்பில் கட்டுங்கள். சிமெண்ட் மட்டும் பூசவேண்டாம். அது உப்பீரத்தை உள்ளேயே அடைத்துவிடும், கல் உதிர்ந்துபோகும்.