பெண்ணை விரும்பும் பெண்களுக்குக் கொங்குப் பக்கம் வரலாறு உண்டா? எங்கே தேடுவது?

'லெஸ்பியன்' என்று தேடினால் குப்பைதான் வரும். பழைய செய்தித்தாள்களில் 'இணைபிரியாத் தோழிகள்', 'இளம்பெண்கள் மாயம்' என்று பாருங்க.

முதலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 உத்தரவைப் படியுங்க (ரிட் மனு 7284/2021). மதுரையை விட்டுச் சென்னை போன இரு பெண்களின் வழக்கு. வீட்டார் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தாலும், இருவரும் மனமொத்த மேஜர் என்றால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் போலீஸ் அந்தப் புகாரை முடிக்கணும் என்கிறது உத்தரவு. தனக்கே விஷயம் பிடிபடவில்லை என்று நீதிபதி உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டதும் அந்த வழக்கில்தான். அந்தப் பகுதியை விட்டுடாதீங்க.

அப்புறம் வீட்டு அம்மிச்சிமார் (பாட்டிமார்). கல்யாணம் வேண்டாமென்று தோழியோடு தோட்டத்துச் சாளையில் இருந்தவர் யாராவது உண்டா என்று சும்மா பேச்சுவாக்கில் கேளுங்க. சொன்னதை அப்படியே எழுதுங்க. செத்தவர்மேல் 'லெஸ்பியன்' என்று நாமாகப் பேர் ஒட்டக்கூடாது. இதையெல்லாம் வீட்டுப் பொதுப் போனில் தேடவே தேடாதீங்க.