சட்டம் கேளுங்கள்: சனி, ஞாயிறு பொலிசில் வைத்திருக்கலாமா?

கேள்வி: அடிதடி முறைப்பாடொன்றில் தம்பியை வெள்ளி இரவு பொலிஸ் பிடித்தது. திங்கள்தான் கோட்ஸுக்குக் கொண்டுபோவார்களாம். சரியா? பிணைக்கு என்ன ஆயத்தம் வேணும்?
- வாசகி, சுன்னாகம்

பதில்: சரியில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 37ஆம் பிரிவு: பிடியாணையின்றிப் பிடித்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். லீவு நாள் சாட்டல்ல. நீதவானின் வாசஸ்தலத்திலும் முற்படுத்தலாம். (பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுக்கு வேறு விதி.)

முதலில் சட்டத்தரணியைப் பிடியுங்கள். கைதான நேரத்தைக் குறித்து வையுங்கள். பின்னர் தகராறு வருவதே அதில்தான். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் வாசித்து விளக்கும்வரை தம்பி கையெழுத்து வைக்கக்கூடாது. பொலிசுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் அவருக்கு எதிராகச் செல்லாது. அதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்றில்லை!

பிணை கிடைத்தும் ஆட்கள் உள்ளே கிடப்பது பெரும்பாலும் கடதாசிக் குறையால். சரீரப் பிணைக்கு (காசு கட்டாமல், இன்னொருவர் பொறுப்பேற்கும் பிணை) நிற்பவர் அடையாள அட்டையோடு, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம அலுவலரின் வதிவிடச் சான்றையும் கொண்டுவரட்டும். அட்டையில் ஒரு விலாசம், சான்றில் வேறொன்று என்றால் பிணையாளரை ஏற்கமாட்டார்கள். அன்று பின்னேரம் தம்பி யாழ்ப்பாணம் பண்ணையிலுள்ள சிறைக்குத்தான். நீதிமன்றம் இரு பிணையாளர்களைக் கேட்டால் மூன்றாமவரையும் ஆயத்தமாக வையுங்கள்.

பொலிஸ் தம்பியை அடித்திருந்தால் நீதவானிடமே சொல்லி, சட்டவைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கேளுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுப்போட அவகாசம் ஒரு மாதம்தான்.