பட்டியலில் ஆறாவது பெயர்: ஆய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆய்வுக் கட்டுரை எழுதுவதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் எழுத்தைப் பற்றியவை மிகக் குறைவு. யார் பெயரைப் போடுவது, எத்தனாவதாகப் போடுவது, போட்ட பெயருக்கு என்ன மதிப்பு என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஓர் ஆய்விதழ் அலுவலகத்தில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

நானும் என் நெறியாளரும் மட்டும் செய்த வேலை. அனுப்பும் நேரத்தில் துறைத்தலைவர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார் நெறியாளர். துறைத்தலைவர் கட்டுரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் என்ன செய்வது?

இனாமாகக் கொடுக்கும் பெயர் என்று இதைச் சொல்லலாம். எல்லாத் துறையிலும் நடக்கிறது. விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மருத்துவ ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவரில் கூடி ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அந்தக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை இன்று மருத்துவத்துக்கு வெளியேயும் பல இதழ்கள் பின்பற்றுகின்றன. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவு திரட்டுவதிலோ, அதை அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது கருத்தளவில் செப்பனிட்டிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். பிற்பாடு கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை 2013இல்தான் சேர்ந்தது. நான்கில் ஒன்று இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நான்கும் வேண்டும். நிதி வாங்கித் தந்தது, துறையை நிர்வகித்தது, பொதுவாக மேற்பார்வை செய்தது எல்லாம் நன்றியுரையில் சொல்லவேண்டியவை.

சரி, விதியை எடுத்துக்கொண்டு போய் நெறியாளரிடம் நீட்டினால் நடக்குமா? உங்கள் பட்டம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. அதனால் சண்டை போடச் சொல்ல மாட்டேன். இதழின் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தலைவர் பெயருக்கு நேரே என்ன எழுதட்டும்?" என்று கேளுங்கள். குற்றச்சாட்டாக இல்லாமல், படிவம் நிரப்பத் தெரியாத மாணவியின் சந்தேகமாகக் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் பொய் எழுதப் பலருக்குக் கை வராது. கட்டுரையைத் தலைவருக்கும் அனுப்பி, கருத்தும் ஒப்புதலும் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சிலர் தாங்களே விலகிக்கொள்வார்கள்.

இனாமாகப் பெயர் வாங்குபவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த இதழில் வந்த ஒரு கட்டுரையில், ஒரே படம் இரண்டு வேறு சோதனைகளின் முடிவாகக் காட்டப்பட்டிருப்பதாகப் புகார் வந்தது. ஆறு பெயர்கள். ஆறு பேருக்கும் எழுதினோம். ஐந்து பேர் விளக்கம் அனுப்பினார்கள். ஆறாமவரிடமிருந்து ஒரு வரிதான் வந்தது: "எந்தக் கட்டுரை?" பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுரை திரும்பப் பெறப்பட்டபோது அறிவிப்பில் அவர் பெயரும் இருந்தது.

தரவு முழுவதையும் அலசியது நான். கட்டுரை வெளியானபோது நன்றியுரையில் ஒரு வரி. கேட்டால், "நீ எழுதவில்லையே" என்கிறார்கள்.

நான்கு நிபந்தனைகளைக் குறுக்கு வழியில் பயன்படுத்தும் தந்திரம் இது. எழுத அழைக்காமலே விட்டுவிட்டு, எழுதவில்லை என்று காரணம் சொல்வது. இதை எதிர்பார்த்துத்தான், முதல் நிபந்தனையை நிறைவு செய்த ஒவ்வொருவருக்கும் எழுதவும் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும் என்று அதே வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு அந்த வாய்ப்பு வந்ததா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

பெரிய மனிதர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். புகழ் உள்ளவருக்கே மேலும் புகழ் போய்ச் சேரும் என்பதை 'மத்தேயு விளைவு' என்று பெயரிட்டு 1968இல் எழுதியவர் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். அந்தக் கட்டுரைக்கு ஆதாரமாக இருந்தவை ஹாரியட் சுக்கர்மேன் நோபல் அறிஞர்களிடம் எடுத்த பேட்டிகள். கட்டுரையில் இருந்ததோ மெர்ட்டன் பெயர் மட்டும். இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டிய கட்டுரை அது என்று மெர்ட்டனே பிற்காலத்தில் எழுத்தில் ஒப்புக்கொண்டார். பெண்களின் பங்களிப்பு இப்படி மறைந்துபோவதற்கு வரலாற்றாசிரியர் மார்கரெட் ரோசிட்டர் 1993இல் 'மட்டில்டா விளைவு' என்று பெயர் வைத்தார்.

இப்போது என்ன செய்யலாம்? நீங்கள் எழுதிய நிரல், கோப்புகளின் தேதி, மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் திரட்டி வைத்துக்கொண்டு முதலில் உங்கள் ஆய்வுக் குழுவிடம் பேசுங்கள், பிறகு நிறுவனத்திடம் போங்கள். இதழுக்கு எழுதினால் அவர்களும் நிறுவனத்தைத்தான் கைகாட்டுவார்கள். யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று தூரத்தில் இருக்கும் இதழுக்குத் தெரியாது, அதற்குத் தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு ஆசையும் இல்லை.

முதல் பெயர் முக்கியமா, கடைசிப் பெயர் முக்கியமா?

எந்தத் துறை என்று சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். உயிரியல், மருத்துவம் என்றால் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருப்பவர்களை யாரும் கவனிப்பதில்லை. கணிதத்தில் அகரவரிசைதான், அதில் முதலாவதாக வந்தால் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பொருளாதாரத்திலும் பெரும்பாலும் அகரவரிசைதான். ஆனால் அங்கே ஒரு வேடிக்கை. ஆங்கில எழுத்து வரிசையில் குடும்பப் பெயர் முன்னால் வருபவர்களுக்கு அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளில் நிரந்தரப் பணி கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருப்பதாக 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. குலுக்கல் முறையில் பெயர்களை வரிசைப்படுத்தி, குலுக்கல்தான் என்பதை ஒரு குறியால் தெரிவிக்கலாம் என்று 2018இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் யோசனை சொன்னார்கள்.

துகள் இயற்பியலுக்குப் போனால் வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஹிக்ஸ் போசான் என்ற துகளின் நிறையை அளவிட்டு 2015இல் வெளியான கட்டுரையில் 5,154 பெயர்கள். மொத்தம் 33 பக்கம், அதில் 24 பக்கம் பெயர்களுக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்கும் போய்விட்டது. அப்படிப்பட்ட கட்டுரையில் "இவர் என்ன செய்தார்?" என்று பெயரின் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு எச்-இன்டெக்ஸ் 6. என்னோடு சேர்ந்த நண்பருக்கு 19. நான் அவ்வளவு மோசமா?

கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். ஒருவருடைய கட்டுரைகள் மற்றக் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துப் போடும் எண் இது, இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தது. உங்கள் கட்டுரைகளை, மேற்கோள் எண்ணிக்கை அதிகமானதிலிருந்து குறைவானது வரை அடுக்குங்கள். உதாரணமாக 41, 17, 9, 7, 6, 6, 2, 1. ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள் இருக்கிறது, ஏழாவதற்கு 7 இல்லை. ஆகவே உங்கள் எண் 6.

இப்போது முதல் கட்டுரையின் 41ஐ 4,100 ஆக்கிப் பாருங்கள். எண் அதே 6தான். மாறாக, ஐந்தாவது, ஆறாவது கட்டுரைகளுக்குத் தலா ஒன்றும் ஏழாவதற்கு ஐந்துமாக, ஏழே ஏழு மேற்கோள்கள் பொருத்தமான இடத்தில் விழுந்தால் எண் 7 ஆகிவிடும். உலகத்தையே திருப்பிப்போட்ட கட்டுரையைவிட, சரியான இடத்தில் விழுந்த ஏழு மேற்கோள்களுக்கு மரியாதை அதிகம். அந்த ஏழும் நீங்களே உங்களை மேற்கோள் காட்டியதாக இருந்தாலும் எண் கண்டுகொள்ளாது.

இந்த எண் உங்கள் பங்கைக் கேட்பதே இல்லை. தனியாக எழுதிய கட்டுரைக்கும், 5,154 பேரில் ஒருவராக இருந்த கட்டுரைக்கும் ஒரே மதிப்பு. கட்டுரையின் மதிப்பை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பிரிக்கும் முறைகளும் உண்டு. அவை நியாயமானவைதான், ஆனாலும் எல்லாருக்கும் சம பங்கு என்று வைத்துக்கொள்வதால் அங்கேயும் உண்மை வழுக்கிப் போகிறது. உங்கள் நண்பர் பெரிய குழுவில் இருக்கிறாரா, மேற்கோள்கள் வேகமாகச் சேரும் துறையில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கணிதக்காரரின் 6ஐயும் மருத்துவ ஆய்வாளரின் 19ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது. மேற்கோள் குவிவதற்கும் மேதைமைக்கும் கூட நேரடி உறவு கிடையாது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் பெற்ற கட்டுரை, புரத அளவைக் கண்டறியும் ஒரு செய்முறையைச் சொல்வது. 1951இல் எழுதிய ஆலிவர் லௌரியே அதைத் தன் பெரிய சாதனையாக நினைக்கவில்லை.

ஏமாற்றுவதும் சுலபம். 2010இல் சிரில் லபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், ஐக் அன்ட்கேர் என்று ஓர் ஆளைக் கற்பனையாகப் படைத்து, கணினி உளறிக்கொட்டிய போலிக் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்தார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் வழியே அந்த இல்லாத மனிதருக்குக் கிடைத்த எச்-இன்டெக்ஸ் 94! உங்கள் நண்பருடையதைப் போலக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

ஒரு பூனை இயற்பியல் கட்டுரைக்கு இணையாசிரியராக இருந்ததாமே, உண்மையா?

உண்மை. அமெரிக்க இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் 1975இல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார், ஆனால் எங்கும் 'நாங்கள்' என்று போட்டிருந்தார். ஒற்றை ஆள் 'நாங்கள்' என்று எழுதினால் இதழ் திருப்பி அனுப்பிவிடும் என்றார் சக ஊழியர். தட்டச்சு இயந்திரக் காலம். முழுவதையும் மறுபடி அடிக்கச் சோம்பல்பட்டு, தன் சயாமிய பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லார்ட் என்று இரண்டாவது பெயராகச் சேர்த்துவிட்டார். கட்டுரையும் வெளியானது. பூனை பரவாயில்லை, மேலே சொன்ன ஆறாமவரைப் போலப் பின்னால் முழிக்கவேண்டிய நிலை அதற்கு வரவில்லை.

சாட்ஜிபிடி பாதிக் கட்டுரையை எழுதியது. பெயர் போடலாமா?

கூடாது. 2022 கடைசியில் அது வந்த கையோடு சிலர் போட்டும் பார்த்தார்கள். 2023 ஜனவரியிலேயே 'நேச்சர்', 'சயின்ஸ்' ஆய்விதழ்கள் இரண்டும் மறுத்துவிட்டன. எழுதும் திறமையைப் பற்றிய மறுப்பு இல்லை அது. தவறு என்று தெரிந்தால் விளக்கம் கேட்டு யாருக்கு எழுதுவது? நான்காவது நிபந்தனையில் மென்பொருள் தோற்றுவிடுகிறது. எங்கே, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதை இதழ் சொல்லும் இடத்தில் குறிப்பிடுங்கள். அப்புறம், அது கொடுத்த மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரைகளை இருப்பதாக எழுதுவதில் அது ஐக் அன்ட்கேருக்கு அண்ணன்.

என் பெயரிலேயே இன்னும் நான்கு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். மேற்கோள்கள் கலந்துவிடுகின்றன.

ஆர்கிட் எண் வாங்குங்கள், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண் அது. 2012இல் தொடங்கிய இலவச ஏற்பாடு, ஐந்து நிமிட வேலை. 16 இலக்கங்கள். கடைசி இடத்தில் எண்ணுக்குப் பதில் ஆங்கில 'எக்ஸ்' வந்தால் பயப்படாதீர்கள், அது சரிபார்ப்பு எழுத்து. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள், ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்தோடும் இன்னொன்றில் இல்லாமலும் எழுதியவர்கள், எல்லாருக்கும் இதுவே வழி.

"உங்கள் பெயரை மூன்றாவதாகச் சேர்க்கிறோம், கட்டணம் இவ்வளவு" என்று மின்னஞ்சல் வந்தது. நம்பலாமா?

பணம் கட்டினால் பெயர் வந்தாலும் வரும், ஆபத்தே அதுதான். இப்படி மொத்தமாகக் கட்டுரை தயாரித்து விற்பவர்களைப் பிடிக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் கட்டுரைகள் கத்தைகத்தையாகத் திரும்பப் பெறப்படும். அழித்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஆரம்பிக்கும்போதே எழுதிவைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது?

கிரெடிட் என்ற பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 14 பங்குகள்: கருத்துருவாக்கம், செய்முறை, மென்பொருள், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, திருத்தம், மேற்பார்வை, நிதி திரட்டல் என்று போகும். 2022இல் இது அமெரிக்கத் தரநிலையாகவும் ஆகிவிட்டது. யாரைக் கட்டுரையாளர் என்று ஏற்பது என்பதை இந்தப் பட்டியல் தீர்மானிக்காது, யார் எதைச் செய்தார் என்று மட்டும் சொல்லும்.

ஒரு தாளில் ஐந்து பெயர்களை மேலேயும் 14 பங்குகளைப் பக்கவாட்டிலும் எழுதிக் கட்டம் போடுங்கள். பென்சிலால் நிரப்புங்கள். நடுவில் ஒருவர் விலகுவார், இன்னொருவர் எதிர்பாராமல் பாதி வேலையைத் தலையில் போட்டுக்கொள்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டத்தை எடுத்து மேசையில் வைத்து, எல்லாரும் இருக்கும்போது அழித்து எழுதுங்கள். தேதி போட்டு ஒரு படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். வரிசையைப் பற்றிய பேச்சைக் கட்டுரை முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அப்படித் தள்ளிப்போட்டவர்கள்தான் எங்கள் அலுவலகத்துக்கு நீள நீளமாகக் கடிதம் எழுதுவார்கள்.