ஸ்கூபா டைவ் முடிந்ததும் காதுக்கு முன்னால் வலிக்கிறது, வாயைத் திறந்தால் ‘டக்’ என்கிறது. காதில் கோளாறா?

நானும் பாண்டியில்தான் டைவ் போகிறேன். நீங்கள் சொல்வது காதைவிடத் தாடை மூட்டு மாதிரிதான் இருக்கிறது. காது அழுத்தம் என்றால் பெரும்பாலும் இறங்கும்போதே, முதல் சில மீட்டரிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கரைக்கு வந்து ராத்திரி பரோட்டாவை மெல்லும்போது வலித்தால் சந்தேகம் மூட்டின் மேல்தான். காதுத் துளைக்கு நேர் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் அசைகிறதே, அதுதான் மூட்டு. அங்கே அழுத்தினால் வலிக்கிறதா பாருங்கள். காது அடைப்பு, மந்தம், தலைசுற்றல் இருந்தால் கதை வேறு. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தருகிற ரெகுலேட்டரின் மவுத்பீஸை, அதாவது வாயில் வைக்கிற பகுதியை, கையில் எடுத்துப் பாருங்கள். பல்லால் கவ்வ இரண்டு சின்ன ரப்பர் துண்டுகள் இருக்கும். பல மவுத்பீஸ்களில் அவை கோரைப்பல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போகும். கடைவாய்ப்பல்லுக்கு வேலையே இல்லை. கீழ்த்தாடை முன்னால் தள்ளி, முக்கால் மணி நேரம் அப்படியே இறுகி நிற்கிறது. கூடவே நம் பக்கத்துக் கலங்கல் தண்ணீர். முன்னே போகிறவர் காலில் மாட்டிய துடுப்பே மங்கலாகத் தெரியும்போது, புதிதாக இறங்குகிறவருக்குப் பல் தானாகக் கடித்துக்கொள்ளும்.

தண்ணீருக்குள் ரெகுலேட்டரின் எடை பெரிதாகத் தெரியாது. உதட்டை மூடினாலே தண்ணீர் உள்ளே வராது. பல் லேசாகத் தாங்கினால் போதும். அப்படியும் இழுக்கிறது என்றால் சிலிண்டரிலிருந்து வரும் ஹோஸை (காற்றுக் குழாயை) பாருங்கள். அது வலது தோள் மேலாக வருவதால், நீளம் போதாவிட்டால் இடது பக்கம் தலையைத் திருப்பும்போதெல்லாம் வாயைப் பிடித்து இழுக்கும். நீளமான ஹோஸோ, திரும்பும் இணைப்போ போட்டால் அந்த இழுப்பு போகும்.

வாடகை ரெகுலேட்டரில் தேய்ந்துபோன, விறைத்த மவுத்பீஸ்தான் பல நேரம் மாட்டும். சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேபிள் டையை வெட்டி, வேறொன்று போட்டு இறுக்கினால் மாற்றி முடிந்தது. வெந்நீரில் போட்டு நம் கடிக்கு ஏற்றபடி பதிய வைக்கிற வகை எனக்கு ஒத்துவந்தது. கடைவாய் வரை நீளுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வலி இருக்கும்வரை சூயிங்கம், முறுக்கு வேண்டாம். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். வாயில் மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியவில்லை, தாடை மாட்டிக்கொள்கிறது என்றால் டைவை நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் போங்கள். கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மவுத்பீஸையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். டைவ் பழக்கமில்லாத மருத்துவருக்கு நாம் எதைக் கடிக்கிறோம் என்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.