முதல் வகுப்பு லவுஞ்சை மூடினால் யாருக்கு இலாபம்? உள்ளே வேலை செய்தவனின் பதில்

முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று விமான நிறுவனங்கள் விமான நிலையத்தில் தனி லவுஞ்ச் (காத்திருப்புக்கூடம்) நடத்துவது வீண்செலவு அல்லவா, அதை வணிக வகுப்பு லவுஞ்சுடன் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். விமானம் மாறும் நிலையம் ஒன்றில் உட்கார இடமின்றிக் கையில் தட்டோடு நின்றபோது, அடுத்த கதவுக்கு அப்பால் ஆளில்லாமல் கிடந்த நாற்காலிகள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானதே. ஆயினும் என் பதில், தனி லவுஞ்ச் வேண்டும் என்பதுதான். ஒரு நிறுவனத்தின் விமானங்கள் பெருந்தொகையாகப் புறப்படும் தலைமை நிலையத்தில் அது கட்டாயம் வேண்டும்.

நான் இலங்கையின் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவன். வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில், முதல் வகுப்பு லவுஞ்சில் உணவு பரிமாறுபவனாகப் பல ஆண்டுகள் வேலை செய்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கு தேவையில்லை. ஊரில் இதைச் சொன்னால், "பணக்காரருக்குக் கோப்பி ஊத்திக் குடுத்த வேலைதானே தம்பி" என்று கேட்டவர்கள் உண்டு. அது பழகித் தேர வேண்டிய ஒரு தொழில் என்பதை அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

முதல் வகுப்புப் பயணிக்கு விமானத்திலும் நல்ல உணவு உண்டு. அப்படியிருந்தும் அவர் லவுஞ்சில் சாப்பிடுவதற்குக் காரணம், ஏறியவுடன் உறங்கிவிட வேண்டும் என்பதே. வளைகுடா நிலையங்களில் ஆசியாவிலிருந்து வந்திறங்கும் விமானங்களும் ஐரோப்பாவுக்குப் புறப்படும் விமானங்களும் நள்ளிரவுக்குப் பின் ஒன்றையொன்று தொடர்ந்து குவியும். அந்த வேளையில் வந்தமரும் ஒருவருக்கு உணவு வேண்டுமா, குளியலறை வேண்டுமா, யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பதே வேண்டுமா என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும். எங்கள் லவுஞ்சில் ஒலிபெருக்கி அறிவிப்புக் கிடையாது. யார் எந்த இருக்கையில் இருக்கிறார், எந்த விமானத்துக்குப் போகிறார், எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்பன அனைத்தும் எங்கள் தலையில்தான் இருந்தன. பத்துப் பதினைந்து பேரை அப்படிக் கவனிக்கலாம். முந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் எவராலும் முடியாது.

ஒரு முறை திருத்த வேலைக்காக எங்கள் லவுஞ்சை மூடிவிட்டு, வணிக வகுப்பு லவுஞ்சின் ஒரு மூலையைத் தடுத்து எங்களுக்கு ஒதுக்கினார்கள். நீங்கள் கேட்கும் ஏற்பாடு ஏறத்தாழ அதுதான். சத்திரசிகிச்சை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் அன்றிரவு வந்தார். படுத்தபடி பயணம் செய்ய வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் சேர்ந்து அந்தப் பயணச்சீட்டை வாங்கியிருந்தார்கள். மூலை நிரம்பியிருந்ததால் அந்த அம்மா பெரிய மண்டபத்துக்குள் எங்கோ போய் ஒரு சோபாவில் உறங்கிவிட்டார். அவருடைய விமானத்துக்கு ஆட்கள் ஏறத் தொடங்கிய பின்னரும் அவரைக் காணவில்லை. நான் என் பகுதியை விட்டுவிட்டு, வரிசை வரிசையாகத் தேடி அவரைக் கண்டுபிடித்து, சக்கர நாற்காலியில் வைத்துக் கதவு மூடுவதற்கு முன் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சுப்பர்வைசர் கண்டித்தார்; இன்று அதே நிலை வந்தாலும் அதையே செய்வேன். அந்த ஏற்பாட்டினால் வணிக வகுப்புப் பயணிகளுக்கும் நன்மை ஏற்படவில்லை. தடுத்த மூலைக்குள் போன இருக்கைகள் அவர்களுடையவை.

எங்கள் பெண்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் படும் பாட்டை மறந்துவிட்டுப் பணக்காரருக்காகப் பேசுகிறான் என்று சிலர் எழுதக்கூடும். மறக்கவில்லை. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இரவு முழுவதும் பஸ்ஸிலும் வேனிலும் குலுங்கி வந்து, வேலைவாய்ப்புப் பணியகத்தின் கருமபீடத்தில் பத்திரங்களைக் காட்டி, பின்னர் வளைகுடா நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகத் தரையில் சுவரோடு சாய்ந்திருப்பதை வேலைக்குப் போகும் வழியில் எத்தனையோ முறை பார்த்தவன் நான். அவர்களுக்கு முதுகு சாய்க்க ஓர் இடம் கொடுக்க வேண்டியது விமான நிலையத்தை நடத்துவோரின் கடமை. அதற்கான கட்டணத்தை அவர்களுடைய பயணச்சீட்டிலும் சேர்த்தே அறவிடுகிறார்கள். எங்கள் லவுஞ்ச் மூடிக்கிடந்த காலம் முழுவதும் பொது மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடக் கூடவில்லை என்பதைக் கண்ணால் கண்டேன். ஆகவே ஒன்றை மூடினால் மற்றது கிடைக்கும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது.

கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. எமிரேட்ஸின் ஏ380 விமானங்கள் பலவற்றில் முதல் வகுப்பில் 14 இருக்கைகளும் வணிக வகுப்பில் 76 இருக்கைகளும் இருக்கின்றன. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் ஏ380 இல் இது 6க்கு 78. வணிக வகுப்பு லவுஞ்சுகள் நிரம்பி வழிவதில் இந்தச் சிலருக்குப் பங்கு மிகக் குறைவு. அடிக்கடி பறப்போருக்கான உறுப்புரிமையை அள்ளி வழங்கியதே அதற்குப் பெரிய காரணம். பல விமான நிறுவனங்கள் சேர்ந்த வன்வேர்ல்ட் கூட்டணியில், உறுப்பினர் தரங்களில் மிக உயர்ந்ததான எமரால்ட் தரத்தில் உள்ள ஒருவர், சாதாரண வகுப்பில் பறக்கும் நாளிலும் கூட்டணி நிறுவனங்களின் வணிக வகுப்பு, முதல் வகுப்பு லவுஞ்சுகள் பெரும்பாலானவற்றுக்குள் போகலாம்.

எல்லா ஊர்களிலும் தனி லவுஞ்ச் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லுஃப்தான்சா 2004 இல் பிராங்பேர்ட்டில் முதல் வகுப்புக்கென்று தனிக் கட்டடமே திறந்து, பயணிகளைக் காரில் விமானத்தடிக்குக் கொண்டுபோய் விடுகிறது. அது அந்த நிறுவனத்தின் தலைமை நிலையம் என்பதால் பொருந்துகிறது. நாளுக்கு ஒரு விமானம் மட்டும் வந்துபோகும் ஊரில் ஆறு பேருக்காக ஒரு சமையலறையையும் மூன்று ஷிப்ட் ஆட்களையும் வைத்திருப்பது வீண்தான். நமது சிறிலங்கன் எயார்லைன்ஸில் முதல் வகுப்பே இல்லையாதலால் கட்டுநாயக்கவில் அந்த நிறுவனத்துக்கு இந்தக் கேள்வி எழவே எழாது. முதல் வகுப்பை விற்றுக்கொண்டே லவுஞ்சைச் சேர்த்துவிட முடிவெடுக்கும் நிறுவனம், உறங்குவதற்குக் கதவுள்ள ஓர் அறையையும், பயணியின் பெயரறிந்து நேரில் வந்து எழுப்பும் ஓர் ஆளையும் மட்டுமாவது விட்டுவைக்க வேண்டும்.